கொம்பியூட்டர் யூஎஸ்பி போர்ட்டில் எவ்வளவு கரண்ட் எடுக்கலாம்? கடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதிக்குக் கொஞ்சம் உள்ளே சின்னதாக ஒரு கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். "பழுதாப் போச்சு" என்று என் மேசைக்கு வரும் யூஎஸ்பி சாமான்களில் பலவற்றில் ஒரு பழுதும் இருப்பதில்லை. ஹாட் டிஸ்க் நல்லது, மொடம் நல்லது, வெப் கமராவும் நல்லது. அவற்றுக்குப் போய்ச் சேரும் கரண்ட்தான் காணாது. இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். புதுச் சாமான் வாங்கக் காசு செலவழிக்கும் முன் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

ஒரு போர்ட்டில் எவ்வளவு கரண்ட் வரும்?

சாதாரண யூஎஸ்பி போர்ட்டில் வோல்ட் எப்போதும் 5 தான். மாறுவது அம்பியர். பழைய 2.0 போர்ட்டுக்கு விதிப்படி 500 மில்லி அம்பியர், அதாவது அரை அம்பியர். ஐந்தால் பெருக்கினால் 2.5 வாட். 3.0 போர்ட்டுக்கு 900 மில்லி அம்பியர், 4.5 வாட். 3.0 போர்ட்டின் உள்நாக்கு பெரும்பாலும் நீலமாக இருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், கம்பனிக்குக் கம்பனி அது மாறும்.

அரை அம்பியர் என்றால் எவ்வளவு? எங்கள் பக்கத்தில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதுவும் அரை அம்பியர்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் கரண்டும் இல்லை, பற்றரியும் வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டயோட்டும் கொண்டன்சரும் வைத்துக் கட்டிய வயரை றேடியோவில் கொழுவி, அப்பா செய்தி கேட்கும்வரை நான் பெடலைக் கையால் சுற்றுவேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் பெடல் பாரமாகும், செய்தி வாசிப்பவரின் குரல் கம்மும். அதே டைனமோவில் லைற்றையும் சேர்த்துக் கொழுவினால் இரண்டும் சரிவராது. உங்கள் யூஎஸ்பி 2.0 போர்ட் கிட்டத்தட்ட அந்த டைனமோ அளவுதான்.

இன்னொன்று. ஒரு சாமானைச் செருகியவுடன் அது முழு அரை அம்பியரையும் எடுக்கக் கூடாது. முதலில் 100 மில்லி அம்பியர்தான். அதற்குள் எழும்பி, "நான் இன்ன சாமான், எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று கொம்பியூட்டரிடம் சொல்ல வேண்டும். கொம்பியூட்டர் சரி என்ற பிறகுதான் மிச்சம். 3.0 இல் இந்த முதல் பங்கு 150. மலிவு விலை ஃபான், லைற் போன்றவை இந்த மரியாதை ஒன்றும் பார்ப்பதில்லை, கேட்காமலே இழுக்கும். கேட்பது ஒன்று, இழுப்பது ஒன்று, வயரின் நுனியில் வந்து சேருவது இன்னொன்று. கீழே வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றும் ஒத்துவராததால் வருபவை.

என்னுடைய எஸ்எம்பிஎஸ் 450 வாட். அப்படியிருக்க 5 வாட் கொடுக்க முடியாதா?

இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறார்கள். எஸ்எம்பிஎஸ் என்பது சுவர்க் கரண்டை வாங்கிக் கொம்பியூட்டருக்குள் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 450 என்பது எல்லா வயருக்கும் சேர்த்த கணக்கு. அதில் பெரும்பங்கு 12 வோல்ட் வயருக்குப் போகிறது, புரொசெசருக்கும் கிராபிக்ஸ் கார்ட்டுக்கும். யூஎஸ்பிக்கு வருவது 5 வோல்ட் வயரிலிருந்து. அதில் தாராளமாக இருந்தாலும் போர்ட்டின் வாசலில் மதர்போர்ட் ஒரு காவல் வைத்திருக்கிறது. மணியளவு ஃபியூஸ் ஒன்று, அல்லது அந்த வேலையைச் செய்யும் ஒரு சில்லு. பல போர்டுகளில் இரண்டு போர்ட்டுக்குச் சேர்த்து ஒரே ஃபியூஸ்தான். குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கலாம், உங்கள் வயலுக்கு வருவது மதகு திறந்த அளவுதான்.

அதனால் 450 ஐக் கழற்றி 650 போட்டாலும் போர்ட்டில் வரும் அளவு கூடாது. ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் கொண்டன்சர் வீங்கி 5 வோல்ட்டே இறங்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். மீற்றரில் 4.75 க்கும் 5.25 க்கும் இடையில் காட்ட வேண்டும். வெளியே போனால் யூஎஸ்பியை விட்டுவிட்டு முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்.

வெளி ஹாட் டிஸ்க் "டிக், டிக்" என்று சத்தம் போடுகிறது. செத்துவிட்டதா?

அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். முதலில் போர்ட்டை மாற்றிப் பாருங்கள்.

மல்லாவியிலிருந்து ஒரு டீச்சர் பஸ் ஏறி, மாங்குளத்தில் மாறி, கைலேஞ்சியில் சுற்றிய ஒரு ஹாட் டிஸ்க்கோடு வந்தார். "தம்பி, இதுக்குள்ளதான் எங்கட கலியாண வீட்டுப் படமெல்லாம் கிடக்கு. திறந்து எடுக்க நிறையக் காசு முடியுமெண்டு ஒருத்தர் சொல்லிப்போட்டார்" என்றார். அவர் கொண்டுவந்த வயரிலேயே, முன்பக்கத்து 2.0 போர்ட்டில் கொழுவினேன். நடுவில் என் யூஎஸ்பி மீற்றர். லைற் எரிந்தது, தட்டு சுழலத் தொடங்கும் "உய்ங்" என்ற சத்தம் வந்தது. மீற்றரில் 5.02 வோல்ட் என்று நின்ற எண் 4.3 க்கு விழுந்தது. டிக். சுழற்சி நின்றது. எண் பழையபடி 5.02. மறுபடி உய்ங், மறுபடி 4.3, மறுபடி டிக். கயிறு இழுத்து ஸ்டார்ட் எடுக்காத ஜெனரேற்றர் மாதிரி.

உள்ளே நடப்பது இதுதான். சின்ன ஹாட் டிஸ்க், அதாவது 2.5 அங்குல வகை, ஓடிக்கொண்டிருக்கும்போது அரை அம்பியருக்குள் அடங்கிவிடும். ஆனால் நின்ற தட்டைச் சுழல வைக்கும் அந்த ஒன்றிரண்டு விநாடியில் 1 அம்பியர் அளவுக்கு இழுக்கும். போர்ட்டும் வயரும் அதைத் தாங்காவிட்டால் வோல்ட் விழுகிறது, டிஸ்க் தன்னைத்தானே நிறுத்துகிறது, வோல்ட் திரும்பியதும் மறுபடி தொடங்குகிறது. நான் செய்ததெல்லாம் ஒரு முழ நீளத்தில் ஒரு குட்டை வயரை எடுத்துப் பின்பக்கத்து நீலப் போர்ட்டில் கொழுவியதுதான். படங்கள் எல்லாம் வந்தன. டீச்சரிடம் வயருக்கு மட்டும்தான் காசு வாங்கினேன். அடுத்த நாளே அதை இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைக்கச் சொன்னேன். அவர் எடுத்தாரோ தெரியாது.

பின்பக்கப் போர்ட்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவை மதர்போர்டிலேயே ஒட்டியிருப்பவை. முன்பக்கத்தவை பெட்டிக்குள்ளே ஒரு மெல்லிய வயரில் தொங்கிக்கொண்டு வருபவை.

நல்ல வயரில், நல்ல போர்ட்டிலும் அதே டிக் சத்தம் வந்தால் அப்போது டிஸ்க்கில்தான் கோளாறு. உடனே நிறுத்திவிடுங்கள், திரும்பத் திரும்பக் கொழுவினால் உள்ளதும் போகும். 3.5 அங்குலப் பெரிய டிஸ்க்குகளுக்கு இந்தக் கதையே பொருந்தாது. அவற்றுக்கு 12 வோல்ட்டும் வேண்டும், அதனால்தான் தனி அடப்டரோடு வருகின்றன.

இரண்டு தலை உள்ள வயர் போட்டால் கரண்ட் இரண்டு மடங்கு வருமா?

வேலை செய்யும். ஒரு தலை டேட்டாவுக்கும் கரண்ட்டுக்கும், மற்றது கரண்ட்டுக்கு மட்டும். யூஎஸ்பி விதிமுறையில் இதற்கு இடமில்லை, ஆனாலும் டிஸ்க்கோடு சேர்த்தே சில காலம் இதைக் கொடுத்தார்கள். அவசரத்துக்கு நானும் பாவிப்பேன். இரண்டு தலையையும் ஒரே கொம்பியூட்டரில் செருக வேண்டும், அதுதான் முக்கியம்.

நாலு துளை ஹப் வாங்கினேன். ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை.

ஹப் என்பது ஒரு போர்ட்டைப் பல துளையாக்கும் சின்னப் பெட்டி. உங்களுடையது அடப்டர் இல்லாத ஹப்தானே? அது புதிதாகக் கரண்ட் எதையும் தயாரிப்பதில்லை. கொம்பியூட்டர் தரும் 500 ஐப் பங்குபோடுகிறது, அவ்வளவுதான். ஹப்புக்கே 100 போய்விடும். மிச்சம் 400, நாலு துளைக்கும் தலா 100. சட்டிச் சோறு அதேதான், கோப்பைதான் நாலாகிவிட்டது.

100 மில்லி அம்பியரில் மவுஸ், கீபோர்ட், பென் டிரைவ் சில ஓடும். ஹாட் டிஸ்க்கும் மொடமும் வெப் கமராவும் ஓடாது, அல்லது ஓடுவது போலப் பாசாங்கு செய்து இடையில் விழும். அதிலும் சிம் போடும் மொடம் பொல்லாதது. சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் அடக்கமாக இருக்கும். ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே, ரவர் எட்டாத ஊரில் கொண்டுபோய் வைத்தால், சிக்னலைப் பிடிக்கக் கத்திக் கத்திக் கரண்டை இழுக்கும். "ரவுணில வேலை செய்யுது, வீட்டில வேலை செய்யேல்ல" என்று வரும் மொடங்களில் சிலவற்றை ஹப்பிலிருந்து கழற்றி நேரே போர்ட்டில் போடச் சொன்னேன், சரியாகிவிட்டன.

வாங்குவதானால் அடப்டரோடு வரும் ஹப்பை வாங்குங்கள். அதிலும் அடப்டரின் லேபிளை வாசியுங்கள். ஏழு துளைக்கும் தலா அரை அம்பியர் கொடுப்பதானால் மூன்றரை அம்பியர் வேண்டும். பெட்டிக்குள் 5 வோல்ட் 2 அம்பியர் அடப்டரைப் போட்டு விற்கிறார்கள். இரண்டு அம்பியர் என்பது இரண்டு அம்பியர்தான், பெட்டியில் எத்தனை துளை படம் போட்டிருந்தாலும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சில மலிவு ஹப்புகள் அடப்டர் கரண்டைக் கொம்பியூட்டருக்குள்ளேயே திருப்பி அனுப்பும். கொம்பியூட்டரை நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கையும் கழற்றிய பிறகும் அதற்குள் ஏதாவது லைற் மங்கலாக எரிந்துகொண்டிருந்தால், ஹப்பைக் கழற்றிப் பாருங்கள். லைற் அணைந்தால் குற்றவாளி அதுதான். அந்த ஹப்பைத் தொடர்ந்து பாவிக்க வேண்டாம்.

வயர் எதுவாக இருந்தால் என்ன?

இந்த விசயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். வயரைப் பார்க்காமல் சாமானைக் குறை சொல்லும் ஆளுக்கு நான் தேத்தண்ணி கூடக் கொடுப்பதில்லை.

நல்ல வயரின் மேல் தோலில் பொடி எழுத்தில் இரண்டு எண் அச்சடித்திருக்கும். ஒன்று டேட்டா கம்பியின் தடிப்பு, மற்றது கரண்ட் கம்பியின் தடிப்பு. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லிசு. 28 என்றால் தலைமயிர்க் கணக்கு, 24 என்றால் பரவாயில்லை. இரண்டு மீற்றர் வயரில் கரண்ட் போக இரண்டு, வர இரண்டு, மொத்தம் நாலு மீற்றர் கம்பியில் ஓடுகிறது. 28 கேஜ் கம்பியில் அரை அம்பியர் ஓடினால் ஏறத்தாழ 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். போர்ட்டில் 5.0 இருந்தாலும் நுனியில் 4.6 தான். அதே நீளத்தில் 24 கேஜ் போட்டால் 0.17 வோல்ட் அளவுதான் நட்டம். 28 கேஜில் மூன்று மீற்றர் நீட்டு வயர் என்றால் 0.6 க்கு மேல் போய்விடும், அதன் பிறகு ஹாட் டிஸ்க்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

எண் ஒன்றுமே அச்சடிக்காத வயரும் கடைகளில் உண்டு. அதற்குள் எத்தனை கேஜ் என்பது செய்தவனுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். செம்புக்குப் பதில் செம்பு முலாம் பூசிய அலுமினியம்கூட இருக்கலாம்.

எந்தச் சாமான் எவ்வளவு கேட்கிறது என்று எங்கே பார்ப்பது?

விண்டோஸில் டிவைஸ் மனேஜரைத் திறந்து, கீழே யூஎஸ்பி கொன்ட்ரோலர் பகுதியில் "ரூட் ஹப்" அல்லது வெறும் "ஹப்" என்று இருப்பதை இரண்டு தரம் கிளிக் பண்ணுங்கள். "பவர்" என்ற பக்கம் இருந்தால் அதில் எந்தப் போர்ட்டில் என்ன இருக்கிறது, எத்தனை மில்லி அம்பியர் தேவை என்று வரும்.

ஆனால் அது சாமான் வாயால் சொன்ன கணக்கு. அளந்து பார்த்த கணக்கு இல்லை. 500 என்று சொல்லிவிட்டு 200 எடுக்கும் நல்ல பிள்ளையும் உண்டு, 100 என்று சொல்லிவிட்டு 600 இழுக்கும் கள்ளனும் உண்டு. உண்மை தெரிய வேண்டுமானால் பென் டிரைவ் அளவில் ஒரு யூஎஸ்பி மீற்றர் வாங்கி நடுவில் செருகுங்கள். வோல்ட், அம்பியர் இரண்டையும் காட்டும். வீட்டில் நாலைந்து யூஎஸ்பி சாமான் வைத்திருப்பவர் வாங்கி வைப்பது வீண் செலவில்லை. உங்களிடம் இல்லாவிட்டால் கொண்டுவாருங்கள், அளந்து தருகிறேன், காசு இல்லை.

திரையில் "பவர் சேர்ஜ்" (power surge) என்று எச்சரிக்கை வருகிறது. இடி விழுந்ததா?

பெயர்தான் பயமுறுத்துகிறது. யாரோ ஒரு சாமான் அளவுக்கு மீறி இழுத்ததால் அந்தப் போர்ட்டை மூடிவிட்டேன் என்று கொம்பியூட்டர் சொல்கிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகக் கொழுவுங்கள், எது வந்ததும் எச்சரிக்கை வருகிறதோ அதுதான் ஆள்.

ஒன்றும் கொழுவாமலே அதே எச்சரிக்கை வந்தால், அல்லது ஸ்டார்ட் ஆகும்போதே "15 விநாடியில் நிறுத்துகிறேன்" என்று கறுப்புத் திரையில் வந்தால், ரோர்ச் லைற் எடுத்துப் போர்ட்டுக்குள் பாருங்கள். உள்ளே நாலு சின்னத் தகடு வரிசையாக இருக்க வேண்டும். ஒன்று வளைந்து பக்கத்துத் தகட்டையோ இரும்பு உறையையோ தொட்டுக்கொண்டிருக்கலாம். பள்ளிக்கூடக் கொம்பியூட்டர்களில் இது சர்வசாதாரணம். பிள்ளைகள் பென் டிரைவைத் தலைகீழாக வைத்து அடித்து ஏற்றுவார்கள். ஒருமுறை ஒரு போர்ட்டுக்குள்ளிருந்து மடித்த ரொபி உறையின் வெள்ளித்தாளை எடுத்தேன்.

அதிகம் கொழுவினால் கொம்பியூட்டர் எரியுமா?

பெரும்பாலும் எரியாது. நான் சொன்ன அந்தக் காவல் ஃபியூஸ் சூடாகிக் கரண்டை அடைக்கும், ஆறியதும் தானே திறக்கும். அதனால்தான் "கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா வேலை செய்யுது" என்கிறார்கள். ஆனால் விலை குறைந்த சில போர்டுகளில் காவல் பலவீனம். சோதித்துப் பார்ப்பதற்காக யாரும் வயரை முட்டவைக்க வேண்டாம்.

இடையிடையே தானாகக் கழன்று மறுபடி வருகிறது. அதுவும் கரண்ட் பிரச்சினையா?

எப்போதும் இல்லை. மடிக்கணினி என்றால் முதலில் விண்டோஸின் சிக்கனத்தைச் சந்தேகப்படுங்கள். பற்றரியை மிச்சம் பிடிக்க, சும்மா இருக்கும் யூஎஸ்பி சாமானைத் தூங்கவைக்கும். சில சாமான்கள் தூங்கினால் எழும்பாது. ரூட் ஹப்பின் "பவர் மனேஜ்மென்ட்" பக்கத்தில், சாமானைத் தூங்கவைக்கக் கொம்பியூட்டருக்கு அனுமதி கொடுக்கும் ஒரு சரி அடையாளம் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். அதன் பிறகும் கழன்றால் வயர், போர்ட், ஹப் என்று வரிசையாகப் பாருங்கள்.

போனைக் கொம்பியூட்டரில் சார்ஜ் போடலாமா?

போடலாம், பொறுமை இருந்தால். 5000 மில்லி அம்பியர் மணிப் பற்றரியில் ஏறத்தாழ 19 வாட் மணி பிடிக்கும். 2.5 வாட் போர்ட்டில் நட்டம் ஒன்றும் இல்லாவிட்டாலே ஏழரை மணித்தியாலத்துக்கு மேல். உண்மையில் ஒன்பது, பத்து ஆகும். திரையைப் போட்டுக்கொண்டு படம் பார்த்தால் சார்ஜ் ஏறுவதற்குப் பதில் இறங்கும். சில கொம்பியூட்டர்களில் மின்னல் அடையாளம் போட்ட போர்ட் இருக்கும், அதில் 1.5 அம்பியர் வரை வரலாம்.

பவர் பாங்கில் ரவுட்டர் ஓடுகிறது. கொம்பியூட்டர் போர்ட்டில் ஏன் ஓடவில்லை?

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதே, அப்போது பலர் வாங்கிய வயர் இது. ஒரு பக்கம் யூஎஸ்பி, மறு பக்கம் வட்டமான முனை, நடுவில் ஒரு சின்னக் குமிழ். 5 வோல்ட்டை 12 வோல்ட்டாக ஏற்றித் தருகிறது. வோல்ட்டை ஏற்றலாம், வாட்டை ஏற்ற முடியாது. 12 வோல்ட் 1 அம்பியர் ரவுட்டர் முழுதாக இழுத்தால் 12 வாட். அதை 5 வோல்ட்டில் கொடுப்பதானால் 2.4 அம்பியர், குமிழுக்குள் போகும் நட்டத்தையும் சேர்த்தால் 2.7 அளவுக்கு வரும். நல்ல பவர் பாங்க் தரும். கொம்பியூட்டர் போர்ட் 0.5 அல்லது 0.9 தான். ரவுட்டர் பாதி கரண்ட்டில் ஓடினாலும் 6 வாட், அது 3.0 போர்ட் தரும் 4.5 வாட்டையே தாண்டிவிடும்.

ரைப்-சி போர்ட் என்றால் எல்லாப் பிரச்சினையும் தீருமா?

வடிவத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அந்த முட்டை வடிவ ஓட்டைக்குப் பின்னால் பழைய அரை அம்பியரும் இருக்கலாம், 5 வோல்ட்டில் 3 அம்பியரும் இருக்கலாம். அதற்கு மேல் போவதானால் இரண்டு பக்கமும் பேசிக்கொள்ள வேண்டும், 9 வோல்ட், 15 வோல்ட், 20 வோல்ட் என்று. அப்படி 100 வாட் வரை போகும், 2021 இல் வந்த விதிமுறைப்படி 240 வாட் வரையும். மடிக்கணினியின் ரைப்-சி போர்ட் இவ்வளவையும் உள்ளே வாங்கத் தெரிந்ததாக இருக்கலாம், ஆனால் வெளியே கொடுப்பது பெரும்பாலும் 7.5 அல்லது 15 வாட்தான். 3 அம்பியருக்கு மேல் வேண்டுமானால் வயரும் அதற்கென்று சில்லு வைத்த 5 அம்பியர் வயராக இருக்க வேண்டும்.

வீட்டில் சோலர்தான். யூஎஸ்பி சாமான்களை எப்படிக் கொழுவுவது?

இன்வேட்டரில் 12 ஐ 230 ஆக்கி, பிறகு அடப்டரில் 230 ஐ 5 ஆக்குவது வீண் சுற்று. இரண்டு இடத்தில் நட்டம். வாகனத்தில் பாவிக்கும் 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் தரும் நல்ல சார்ஜர் ஒன்றைப் பற்றரியில் நேரே பூட்டுங்கள், ஃபியூஸ் போட மறக்காமல். அடப்டர் ஹப்பையும் அதில் ஓட்டலாம், அதன் அடப்டர் 5 வோல்ட்டாக இருந்தால். மடிக்கணினி பற்றரியில் ஓட, பாரமான யூஎஸ்பி சாமான் எல்லாம் சோலரில் ஓட, இரண்டும் ஒன்றையொன்று தின்னாது.

கொம்பியூட்டரை நிப்பாட்டின பிறகும் மவுஸ் லைற் ஏன் எரிகிறது?

எஸ்எம்பிஎஸ்ஸில் 5 வோல்ட் வயர் இரண்டு உண்டு. ஒன்று கொம்பியூட்டரோடு சேர்ந்து நிற்கும், மற்றது சுவரில் பிளக் இருக்கும்வரை தூங்காது. கீபோர்ட்டைத் தட்டி எழுப்ப வசதியாகப் பல போர்டுகள் யூஎஸ்பியை அந்த இரண்டாவதில் கொழுவியிருக்கும். பழுதில்லை. வேண்டாமென்றால் பின்னால் உள்ள சுவிச்சையோ சுவர்ச் சுவிச்சையோ அணையுங்கள். ஐப்பசி இடி தொடங்கினால் சுவிச்சோடு விடாமல் பிளக்கையும் இழுத்துவிடுங்கள்.